தட்டில் இருப்பதும் உடம்பில் சேர்வதும்: செரிமானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி போகும் வழியில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் உயிரியல் கற்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் ஓயவில்லை. முன்பு மாணவர்கள் கேட்டார்கள். இப்போது அவர்களுடைய அம்மாக்களும், டீக்கடை பெஞ்சில் உட்காரும் பெரியவர்களும், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்களும் கேட்கிறார்கள். தனித்தனியே சொன்னவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் நீண்ட குழாய்தான் நம் உணவுப்பாதை. அந்தக் குழாய்க்குள் கிடக்கும் வரை உணவு நம் வயிற்றில் இருக்கிறதே தவிர, உடம்பில் சேரவில்லை. குடல் சுவரைக் கடந்தால்தான் அது நம்முடையது. எவ்வளவு தின்றோம் என்று கணக்குப் பார்க்கிற நாம், எவ்வளவு கடந்தது என்று பார்ப்பதில்லை. கீழே உள்ள பல பதில்கள் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே வரும்.

காலையில் சாப்பிட்ட இட்லி எப்போது செரித்து முடியும்?

காலை 8 மணிக்குச் சாப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். விழுங்கிய கவளம் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாயைப் பத்து நொடிக்குள் கடந்துவிடும். இரைப்பையில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் கடையப்படும். இட்லி என்றால் சீக்கிரம் இறங்கும், எண்ணெயும் கறியும் சேர்ந்தால் தாமதமாகும். சிறுகுடலில் இன்னும் சில மணி நேரம். ஆக, பள்ளி விடும் மணி அடிக்கும்போது சத்தின் பெரும்பகுதி இரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மிஞ்சிய சக்கை பெருங்குடலில் அரை நாள் முதல் இரண்டு நாள் வரை தங்கிப் பிறகு வெளியேறும்.

"சாப்பிட்டவுடன் வெளிக்குப் போகிறேன், தின்றது அப்படியே போய்விடுகிறது" என்று வருந்துகிறவர்கள் உண்டு. வெளியே போவது அந்தச் சாப்பாடு அல்ல, நேற்றையதோ முந்தாநாளையதோ. இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் இடம் ஒதுக்கித் தரச் சுருங்குகிறது. இது இயல்பான அனிச்சைச் செயல். எடை குறைந்துகொண்டே வந்தாலோ, மலம் எண்ணெய்ப் பசையுடன் மிதந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

நன்றாக மென்று சாப்பிடச் சொல்கிறார்களே, பல்லுக்கும் செரிமானத்துக்கும் அவ்வளவு தொடர்பா?

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நான் கரும்பலகையில் விளக்கியதே இல்லை. குழம்பு சேராத வெறும் சோற்றை ஒரு பிடி கொடுத்து, விழுங்காமல் ஒரு நிமிடம் மெல்லச் சொல்வேன். அரை நிமிடத்தில் ஒவ்வொரு முகமாக மாறும். சோறு இனிக்கத் தொடங்கியிருக்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குவதால் வரும் இனிப்பு அது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கிறது. அவசர அவசரமாக விழுங்குகிறவர்கள் அந்த வேலையையும் பல்லின் வேலையையும் சேர்த்து அடுத்த உறுப்புகளின் தலையில் கட்டுகிறார்கள்.

காரக்குழம்பும் மிளகாய்ச் சட்னியும் தின்பதால்தான் அல்சர் வருகிறதா?

இல்லை. நம் ஊர்ச் சமையலறைகள் நீண்ட காலமாகச் சுமக்கும் பழி இது. ஏற்கெனவே புண் இருப்பவருக்குக் காரம் எரிச்சலைக் கூட்டும், உண்மை. ஆனால் புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் இரண்டு: ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா ஒன்று, மருந்துக்கடையில் நாமாகவே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் மற்றொன்று. கவலையும் அமிலமும்தான் காரணம் என்று மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்த 1984ஆம் ஆண்டில், பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் அந்தப் பாக்டீரியாவைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இதன் நல்ல செய்தி என்னவென்றால், பல அல்சர்களை இரண்டு வார மருந்தில் முழுவதுமாகக் குணப்படுத்தலாம். ஆண்டுக்கணக்கில் காரத்தை விலக்கிப் பத்தியச் சோறு தின்றுகொண்டு இருக்க வேண்டியதில்லை.

இரைப்பை அமிலம் இரைப்பையையே ஏன் கரைப்பதில்லை என்பதையும் பிள்ளைகள் கேட்பார்கள். உட்சுவரின் மேல் கெட்டியான கோழைப்படலம் ஒன்று இருக்கிறது. அதில் அமிலத்தை முறிக்கும் காரப்பொருளும் (மிளகாயின் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான வேதிப்பொருள்) கலந்திருக்கிறது. அடியில் உள்ள செல்களும் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக மாறிவிடுகின்றன.

மூடிக் கிடக்கும் வயிற்றுக்குள் நடப்பதை மனிதன் எப்படித்தான் கண்டுபிடித்தான்?

ஒரு ஏழைத் தொழிலாளியின் வயிற்றில் விழுந்த ஓட்டை வழியாக. 1822இல் வட அமெரிக்காவின் மேக்கினா தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் மீது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. உரோமத் தோல் வாணிகத்தில் கூலி வேலை செய்தவர் அவர். பிழைக்கமாட்டார் என்றே நினைத்தார்கள். பிழைத்தார், ஆனால் இரைப்பையிலிருந்து வெளிப்பக்கம் வரை ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. சிகிச்சை செய்த இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், இறைச்சித் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளைக்குள் இறக்கி, மணிக்கணக்கில் இடைவெளி விட்டு வெளியே இழுத்துப் பார்த்தார். இரைப்பை நீரைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, உடல் வெப்பத்தில் வைத்தபோது, அங்கேயும் இறைச்சி கரைந்தது. உள்ளே நடப்பது வெறும் அரைப்பு மட்டும் அல்ல, ஒரு வேதிவினையும்தான் என்பது அப்படித்தான் உறுதியானது. கோபம் வந்தால் செரிமானம் கெடுவதையும் அவர் கண்ணால் பார்த்து எழுதினார். அவருடைய நூல் 1833இல் வெளிவந்தது.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மருத்துவரைவிட அந்தத் தொழிலாளியைத்தான் நான் அதிகம் நினைப்பேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டுச் சோதனைக்கு உட்கார்ந்தவர். பலமுறை விலகிப் போனவர். 1880இல் அவர் இறந்தபோது, உடலை மருத்துவர்கள் எடுத்துப் போய்விடக் கூடாதென்று குடும்பத்தினர் அது அழுகும் வரை காத்திருந்து ஆழக் குழியில் புதைத்தார்கள். செரிமானப் பாடத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய பெயர் அவருடையது.

சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிமான நீர் நீர்த்துப்போகுமா?

போகாது. அமிலம் தேவைக்கேற்பச் சுரந்துகொண்டே இருக்கும். விக்கல் எடுக்கிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருக்காதீர்கள்.

மைதாவில்தான் சுவரொட்டிப் பசை காய்ச்சுகிறார்கள். பரோட்டா குடலில் பசையாக ஒட்டிக்கொள்ளாதா?

ஒட்டிக்கொள்ளாது. பசை என்பது வெந்த மாவுச்சத்து. வெந்த மாவுச்சத்தைத்தான் நம் நொதிகள் மிக எளிதாக உடைக்கும். கணையத்திலிருந்து வரும் அமைலேஸ் அதைக் கொஞ்ச நேரத்தில் சர்க்கரையாக்கிவிடும். உண்மையில் மைதாவின் குறை அது ஒட்டுவதில் இல்லை, அளவுக்கு மீறி எளிதாகச் செரிப்பதில் இருக்கிறது. தவிடும் நாரும் நீங்கிய மாவு என்பதால் சர்க்கரை வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது. பெருங்குடலுக்குப் போய்ச் சேர நார் எதுவும் மிஞ்சுவதில்லை, அதனால் மலச்சிக்கல். பரோட்டா தின்றபின் நெடுநேரம் கனமாக இருப்பதற்குக் காரணம் அதில் ஊறிய எண்ணெய். கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பக்கத்தில் வெங்காயமும் வெள்ளரியும் ஒரு கை அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஐந்து நாள் இரவும் அதுவே என்றால், அதைத்தான் மாற்ற வேண்டும்.

சத்து உண்மையில் எந்த இடத்தில் உடம்பில் சேர்கிறது?

சிறுகுடலில். இரைப்பையில் என்றே பலரும் நினைக்கிறார்கள். இரைப்பை ஒரு கடையும் பானை. அங்கே உள்ளே புகுவது மிகக் குறைவு.

குடல் குழம்பு வைக்கிற வீடுகளில் இதை விளக்குவது எளிது. வெந்நீர் ஊற்றிச் சுரண்டும்போது, துவாலை போலக் கையில் சொரசொரக்கும் ஒரு பாகம் இருக்கும். அது ஆட்டின் நான்கு அறை இரைப்பையில் முதல் அறை. அந்தத் துவாலை முடிகள் எதற்கு? துண்டு துணியைவிட அதிகமாக ஈரம் உறிஞ்சுவது போல, பரப்பைப் பெருக்கி உறிஞ்சுவதற்கு. மனிதனுக்கு அந்த அமைப்பு இரைப்பையில் இல்லை, சிறுகுடலில் இருக்கிறது. அளவில் மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில், வெல்வெட் துணியின் மயிர் போல இலட்சக்கணக்கில் நிற்கும் அவற்றைக் குடலுறிஞ்சிகள் என்கிறோம். ஒவ்வொன்றையும் மூடியிருக்கும் செல்களின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள். உயிருள்ள மனிதரில் மூன்று முதல் ஐந்து மீட்டர் நீளமே உள்ள குழாய், இந்த மடிப்புகளால் சுமார் 30 சதுர மீட்டர் பரப்பைப் பெறுகிறது. டென்னிஸ் மைதானம் அளவு என்று பழைய நூல்கள் சொன்னதை நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். 2014இல் வெளிவந்த அளவீட்டுக்குப் பிறகு திருத்திக்கொண்டேன். 30 சதுர மீட்டர் என்றால் 320 சதுர அடி, ஒரு சிறிய வீட்டின் தரை. அந்தத் தரை முழுவதும் மூன்று முதல் ஐந்து நாளைக்கு ஒருமுறை புதிதாகப் போடப்படுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

வேலை நடக்கும் முறை இது. இரைப்பையிலிருந்து புளித்த கூழாக இறங்கும் உணவின் அமிலத்தைக் கணைய நீர் முறிக்கிறது. அதே நீரில் மாவுச்சத்தையும் புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கும் நொதிகள் வருகின்றன. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர், சீயக்காய் எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிப்பது போலக் கொழுப்பைச் சிறு சிறு துளிகளாக்குகிறது. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் தொடக்கப் பகுதியில் சேர்கின்றன. சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் கொழுப்பும் பெரும்பாலும் நடுப்பகுதியில். வைட்டமின் பி12 கடைசிப் பகுதியில் மட்டும். பி12 சேர, இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் அதைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அதனால்தான் இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கியவர்களுக்கு அந்த வைட்டமினை ஊசியாகவோ மாத்திரையாகவோ தொடர்ந்து கொடுக்கிறார்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் மருத்துவரைக் கேட்காமல் விழுங்குகிறவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு உண்டு.

சுவரைக் கடந்தபின் வழி இரண்டாகப் பிரிகிறது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு அந்த வழியில் போவதில்லை. நிணநீர்க் குழாய்களில் ஏறி, மார்பைக் கடந்து, இடது கழுத்தெலும்பின் அடியில் இரத்தத்தில் கலக்கிறது.

வீட்டில் முருங்கைக் கீரைக்குக் குறைவில்லை. பிறகும் ஏன் இரத்தசோகை?

இது என் அம்மாவின் கேள்வி. எங்கள் கொல்லையில் முருங்கை மரம் நின்றது. வாரத்தில் நான்கு நாள் கீரை. ஆனாலும் மாடிப்படி ஏறினால் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 7.4 கிராம். பெண்களுக்கு 12க்கு மேல் இருக்க வேண்டும். உயிரியல் ஆசிரியரின் வீட்டில் இது நடந்தது என்பதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. மற்ற வீடுகளில் நடக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

அம்மா சாப்பிட்டு எழுந்ததும் டீ குடிப்பார். மதியமும் அப்படி, இரவும் அப்படி. தேயிலையின் துவர்ப்புப் பொருள் குடலுக்குள் கீரையின் இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். கட்டுண்ட இரும்பு சுவரைக் கடக்க முடியாமல் மலத்தோடு போய்விடும். காப்பியும் இதையே செய்யும். போதாக்குறைக்கு, செடியிலிருந்து வரும் இரும்பு தானாகவே சிறு பங்குதான் சேரும். கறி, ஈரல், இரத்தப் பொரியல், மீன் ஆகியவற்றின் இரும்பு அதைவிட நன்றாகச் சேரும். அம்மா அவற்றைப் பிள்ளைகளுக்கும் அப்பாவுக்கும் வைத்துவிட்டு, குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வார். அதை நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை.

மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்தார். அந்த அளவுக்குக் குறைந்தபின் உணவால் மட்டும் ஏற்ற முடியாது. கூடவே மூன்று மாற்றங்கள் செய்தோம். டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைத்தோம். கீரை வைக்கும் நாளில் எலுமிச்சையோ ஒரு பெருநெல்லியோ சேர்த்தோம். வைட்டமின் சி, செடியின் இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது. கறி எடுத்தால் அம்மாவின் தட்டில் முதலில் வைத்தோம். சில மாதங்களில் 11ஐத் தாண்டியது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது என்று 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எல்லாருக்கும் டீதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு ஒரு பெரிய காரணம். வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு ஒரு காரணம். அது குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைப் பிள்ளைகள் துப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

கேழ்வரகும் கம்பும் சத்தானவை என்கிறார்கள். ஊறவைத்து முளைகட்டுவதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்தாலும், முளைகட்டினாலும், புளிக்கவைத்தாலும் அது குறைகிறது. இட்லி மாவு இரவில் பொங்குவது லூகோனோஸ்டாக் முதலிய பாக்டீரியாக்களின் வேலை. அவை மாவைப் பஞ்சாக்குவதோடு நிற்காமல், செரிமானத்தின் ஒரு பங்கை நமக்கு முன்பே பாத்திரத்தில் செய்துவிடுகின்றன. கம்பங்கூழைப் புளிக்கவைத்துக் கரைத்த நம் பாட்டிமார்கள், வேதியியல் பெயர் தெரியாமலே சரியாகச் செய்தார்கள்.

கீரையில் எண்ணெய் விடாமல் அவித்துத் தின்பது நல்லதா?

ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விடுங்கள். ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்கள் கொழுப்போடு சேர்ந்துதான் குடல் சுவரைக் கடக்கும்.

சித்திரைத் திருவிழாவில் பானகமும் நீர்மோரும் கொடுக்கிறார்களே, அவை வெயிலுக்கு உண்மையிலேயே உதவுமா?

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தல்லாகுளத்திலிருந்து வைகைக் கரை வரை பந்தல் பந்தலாக நின்று ஊற்றிக் கொடுப்பார்கள். ஒரு பந்தலில் வெல்லம் கரைத்த பானகம், அடுத்த பந்தலில் உப்புப் போட்ட மோர். வியர்த்து நிற்கிறவருக்கு இரண்டுமே உதவும். இரண்டும் வயிற்றில் ஒன்றுசேரும்போது நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம்.

சிறுகுடல் செல்களின் மேல் ஒரு விசேஷமான கதவு இருக்கிறது. குளுக்கோஸ் தனியாக வந்தால் அது திறக்காது. சோடியம், அதாவது உப்பின் ஒரு பாகம், கூடவே வர வேண்டும். இரண்டும் சேர்ந்து நுழையும்போது தண்ணீரும் பின்னாலேயே உள்ளே போகும். காலராவில் குடல் நீரை வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்தக் கதவு கெடுவதில்லை. இதை வைத்துத்தான் உப்பு சர்க்கரைக் கரைசல், கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டு வாங்குகிறோமே, அது பிறந்தது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, இரத்தக்குழாய் வழியாக ஏற்றும் உப்புநீர் தீர்ந்துவிட்டது. திலிப் மகலநாபிஸ் என்ற கொல்கத்தா மருத்துவர் பொட்டலம் பொட்டலமாக உப்பும் குளுக்கோஸும் கலந்து கொடுத்து, உறவினர்களையே குடிக்க வைக்கச் சொன்னார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

வயிற்றுப்போக்கின்போது "வயிறு காயட்டும்" என்று குழந்தைக்குத் தண்ணீரையும் பாலையும் நிறுத்துகிற வழக்கம் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குழந்தையைக் கொல்வது பேதி அல்ல, நீரிழப்பு. தாய்ப்பாலைத் தொடருங்கள், சோறும் கஞ்சியும் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கும். பொட்டலம் கைக்கு வரும்வரை, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அளவை மீறாதீர்கள்: உப்பு கூடினால் ஆபத்து, சர்க்கரை கூடினால் பேதி கூடும். இதனால்தான் வெறும் பானகமோ கடைக் குளிர்பானமோ இதற்கு மாற்றாகாது.

மொச்சையும் கொண்டைக்கடலையும் சாப்பிட்டால் வாயு ஏன்?

அவற்றில் உள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளை உடைக்க நம்மிடம் நொதி இல்லை. அவை உடைபடாமலே பெருங்குடலுக்குப் போகும். அங்கே வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைக்கும்போது வாயு உண்டாகிறது. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் குறையும்; முளைகட்டினாலும் குறையும். ஆனால் பருப்பையே நிறுத்திவிடாதீர்கள். அதே பாக்டீரியாக்கள் நாரிலிருந்து உண்டாக்கும் குறுங்கொழுப்பு அமிலங்கள்தான் பெருங்குடல் செல்களுக்கு முக்கிய உணவு.

பால் குடித்தால் வயிறு கலங்குகிறது, தயிர் ஒன்றும் செய்வதில்லை. ஏன்?

பாலின் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் நொதி, குழந்தைப் பருவத்துக்குப் பின் உலகில் பெரும்பான்மையோருக்குக் குறைந்துவிடுகிறது. தயிரில் பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியை முன்பே தின்றுவிட்டன. நோய் என்று பயப்பட வேண்டாம், மோராகக் குடியுங்கள்.

ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் செரிக்குமா?

நம் நொதிகளால் செரிக்காது. தண்ணீரை உறிஞ்சி உப்பிய நிலையிலேயே சிறுகுடலைக் கடந்து, பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு நாராகப் போய்ச் சேரும். மற்றபடி அந்தக் கோப்பையில் இருப்பது பால், சர்க்கரை, ஐஸ்கிரீம். அவை மிக நன்றாகச் செரிக்கும் என்பதைச் சர்க்கரை நோயாளிகள் நினைவில் கொள்ள வேண்டும்.

நள்ளிரவில் கறி தோசை சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சல் ஏன்?

மதுரையில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. இரவு ஒரு மணிக்கும் தோசைக்கல் சூடாக இருக்கிற ஊர் இது. இரைப்பையின் வாசலில் ஒரு தசை வளையம் இருக்கிறது. நிரம்பிய வயிற்றோடு படுத்தால், அந்த வளையத்தின் மேல் அழுத்தம் கூடி, அமிலம் உணவுக்குழாயில் ஏறுகிறது. நின்றாலும் உட்கார்ந்தாலும் புவியீர்ப்பு உதவும். படுத்தால் அந்த உதவி இல்லை. எண்ணெயும் கறியும் மெதுவாகவே இறங்கும். மூட்டை தூக்கி, பஸ் ஓட்டி, நள்ளிரவில்தான் சாப்பிட நேரம் கிடைக்கிறவர்களிடம் ஏழு மணிக்கே சாப்பிடுங்கள் என்று சொல்வதில் நியாயம் இல்லை. வேலைக்கு நடுவே பெரிய சாப்பாட்டை முடித்துவிட்டு, வேலை முடிந்தபின் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வையுங்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும்.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை வந்தால் "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள். வாயு என்று நினைத்து விடியும் வரை காத்திருந்த இருவரை எங்கள் தெருவிலேயே இழந்திருக்கிறோம்.

சாப்பிட்டபின் வெற்றிலை போடுவது செரிமானத்துக்கு நல்லதுதானே?

சோழவந்தான் வெற்றிலையின் மணமும் காரமும் உமிழ்நீரைச் சுரக்கவைக்கும். உமிழ்நீர் ஏறிவரும் அமிலத்தைக் கொஞ்சம் முறிக்கும். அந்த அளவில் நல்லதுதான். ஆனால் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதிப்பட்ட செய்தி. புகையிலை சேர்த்தால் ஆபத்து இன்னும் பெரிது. விருந்துக்குப் பின் வெற்றிலையை மட்டும் மெல்லுங்கள்.

பசித்தால் வயிறு ஏன் கத்துகிறது?

காலியான இரைப்பையிலும் சிறுகுடலிலும் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சுருக்க அலை கிளம்பி, மிஞ்சிய துணுக்குகளையும் பாக்டீரியாக்களையும் கீழே கூட்டித் தள்ளும். அதன் ஓசைதான் அது. நாள் முழுவதும் கொறித்துக்கொண்டே இருப்பவர்களின் குடலுக்கு இந்தப் பெருக்கும் வேலைக்கு நேரமே கிடைப்பதில்லை.

குழந்தை சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது. தொக்கம் விழுந்திருக்கிறது என்கிறார்கள். எடுக்கலாமா?

வேண்டாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். தொக்கம் எடுப்பவர்கள் வயிற்றை நீவி, குழல் வைத்து உறிஞ்சி, ஒரு கறித் துணுக்கையோ வடைத் துண்டையோ எடுத்துக் காட்டுவார்கள். பத்து நாளுக்கு முன் தின்றது ஒட்டிக்கொண்டிருந்தது என்பார்கள். இறைச்சியையே கரைக்கும் அமிலமும், மேலே சொன்ன பெருக்கும் அலையும் இருக்கிற இரைப்பையில் ஒரு துண்டுக் கறி அத்தனை நாள் அப்படியே கிடக்க வழியில்லை. வயிற்றுத் தோலின் மேல் வைத்த குழலுக்கு இரைப்பையிலிருந்து எதுவும் வர வழியே இல்லை. பிறகு குழந்தை எப்படித் தேறுகிறது? குழந்தைகளின் வாந்தி பெரும்பாலும் கிருமித்தொற்றால் வந்து இரண்டு மூன்று நாளில் தானே அடங்கும். அந்தப் பெருமை தொக்கம் எடுத்தவருக்குப் போய்விடுகிறது.

தானே அடங்காத நோயாக இருந்தால்தான் விபரீதம். என் மாணவன் ஒருவனை வயிற்று வலியோடு இரண்டு நாள் தொக்கம் எடுக்க அலைக்கழித்தார்கள். குடல்வால் அழற்சி, மருத்துவமனைக்கு வந்தபோது குடல்வால் வெடித்திருந்தது. மூன்று வாரம் போராடிப் பிழைத்தான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஒரு வாக்கியமே போதும்.

குழந்தை நாணயத்தை விழுங்கினால் பெரும்பாலும் தானே வெளியேறும். ஆனாலும் உணவுக்குழாயில் நின்றிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பொம்மையின் பொத்தான் பேட்டரியையோ காந்தத் துண்டுகளையோ விழுங்கியிருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. அந்தப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சுவரை அரித்துவிடும்.

எந்த அறிகுறி வந்தால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்?

விழுங்கச் சிரமம். காரணம் இல்லாமல் எடை குறைதல். வாந்தியிலோ மலத்திலோ இரத்தம். கண் மஞ்சளாதல். நாற்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கி வாரக்கணக்கில் நீடிக்கும் மலச்சிக்கலோ பேதியோ. வலப்பக்க அடிவயிற்றில் நிலைத்து நிற்கும் வலி. குழந்தைக்குக் கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருத்தல்.

மலம் கறுப்பாக வருவதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது இயல்பு. பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை எதுவும் சாப்பிடாதபோது, தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு வந்தால் இரைப்பையிலோ மேல்குடலிலோ இரத்தம் கசிகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.